நரம்பில் ஏறும் அர்ஜினின்

கடலைக்காய்ப் பருப்பை 100 கிராம் தின்றால் ஏறத்தாழ 3 கிராம் அர்ஜினின் உடம்புக்குள் போகும். இது ஓர் அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் செங்கற்களில் ஒன்று. ஹார்மோன் மருத்துவத்தில் பழைய பரிசோதனை ஒன்று உண்டு. இரவு முழுக்கப் பட்டினி போட்டு, காலையில் இதே அர்ஜினினை 30 கிராம் வரை அரை மணி நேரத்தில் டிரிப்ஸில் ஏற்றுவார்கள். ஒரு கிலோ கடலைக்காய்ப் பருப்பில் இருப்பது அத்தனையும்! அப்புறம் அரை மணிக்கு ஒருதரம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

வளர்ச்சி ஹார்மோன் ஏறுகிறதா என்று அறியத்தான் இது. நோயில்லாதவர்களுக்கு மளமளவென்று ஏறும். இந்த ஹார்மோனுக்கு சொமட்டோஸ்டாட்டின் என்று ஒரு பிரேக் இருக்கிறது. அர்ஜினின் அதைத் தளர்த்துகிறது என்பதே விளக்கம். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏற்றம் அதிகம். தாய்ப்பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனும் கூடவே ஏறும்.

இதைவிடச் சுவாரசியம் கணையத்தில் நடப்பது. அர்ஜினினுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. அது இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் நுழைந்ததும் சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சிய வாசல்கள் திறக்கின்றன, இன்சுலின் வெளியே கொட்டுகிறது. அதே நேரம் பக்கத்து ஆல்பா செல்கள் குளுக்ககான் என்ற ஹார்மோனை விடுகின்றன. ஒன்று சர்க்கரையை இறக்கும், மற்றது ஏற்றும். இரண்டும் ஒன்றாக எதற்கு?

சோறே இல்லாமல் ஒரு தட்டுப் பள்ளிபாளையம் சிக்கன் மட்டும் சாப்பிடுகிறீர்கள் என்று வையுங்கள் (அதிலுள்ள தேங்காய்ப் பல்லும் வரமிளகாயும் கணக்கில் வராது). வந்த அமினோ அமிலங்களைத் தசையில் சேர்க்க இன்சுலின் வேண்டும். ஆனால் மாவுச்சத்து இல்லாதபோது இன்சுலின் மட்டும் ஏறினால் ரத்தச் சர்க்கரை சரிந்து தலை கிறுகிறுக்கும். அதனால்தான் குளுக்ககான் ஈரலிலிருந்து சர்க்கரையை விட வைக்கிறது. அதே சிக்கனை அரிசிம்பருப்புச் சாதத்தோடு சாப்பிட்டால் இன்சுலின் நன்றாக ஏறும், குளுக்ககான் அந்த அளவுக்கு ஏறாது.

எல்லா அமினோ அமிலமும் ஒரே மாதிரி இல்லை. லியூசின் இன்சுலின் பக்கம், அலனின் குளுக்ககான் பக்கம் சாயும்.

ரத்தத்தில் துளியூண்டு இருக்கும் இந்த ஹார்மோன்களை அளக்க வழி செய்தவர்கள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். 1977-ல் யாலோவுக்கு நோபல் கிடைத்தது. பெர்சன் 1972-லேயே இறந்துவிட்டார்.

சரி, ஜிம் பையன்கள் வாங்கும் அர்ஜினின் பொடி? வாய் வழியாகப் போனால் குடலும் ஈரலும் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். நரம்பில் ஏற்றியதுபோல ஹார்மோன் எகிறாது. அளவைக் கூட்டினால் வயிற்றுப்போக்குத்தான் மிச்சம்.