தலைக்காயம்: ஸ்கேனுக்கு முந்தைய அரை மணி நேரம்

தலையில் அடிபட்டவர் வந்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது சிடி ஸ்கேன். அடிபட்ட கணத்தில் மூளைக்கு நேர்ந்த சேதத்தை யாராலும் திருப்ப முடியாது. பிறகு ஆக்சிஜனும் பி.பி.யும் குறைவதால் நேரும் சேதத்தைத் தடுக்கலாம். அதற்கு நியூரோ சர்ஜன் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கழுத்து அசையாமல் மூச்சுப்பாதையைச் சரிசெய்யுங்கள். பெரியவர்களுக்கு சிஸ்டாலிக் (பி.பி.யின் மேல் எண்) 110-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். இறங்கியிருந்தால் மூளைக் கசிவின் மேல் பழி போடாதீர்கள். ஷாக் (உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை) வருமளவு ரத்தம் தேங்க மண்டைக்குள் இடமில்லை. வயிறு, நெஞ்சு, இடுப்பெலும்பு, தொடையில் தேடுங்கள். தலைக்கட்டையும் பிரித்துப் பாருங்கள்: உச்சந்தலைக் காயம் கசிந்தே, குறிப்பாகக் குழந்தைகளை, ஷாக்கில் தள்ளிவிடும். ஏற்றுவது நார்மல் சலைன். 5% டெக்ஸ்ட்ரோஸ் மூளை வீக்கத்தைக் கூட்டும்.

அடுத்து, சுயநினைவை அளக்க 1974-இல் வந்த கிளாஸ்கோ கோமா ஸ்கேல் (ஜிசிஎஸ்). வெறுமனே “ஜிசிஎஸ் 9” என்று எழுதினால் அடுத்துப் பார்ப்பவருக்குப் பாதிதான் புரியும். கண் திறப்பது இ, பேச்சு வி, கைகால் அசைவு எம்; இ2 வி2 எம்5 என்று பிரித்து எழுதுங்கள். அதிகம் தவறுவது எம்-இல்தான். புருவத்தடியில் மூக்கையொட்டிய பள்ளத்தைக் வலிக்கும்படி கட்டைவிரலால் அழுத்துங்கள். நோயாளியின் கை காறை எலும்பைத் தாண்டி மேலே வந்தால் 5. முழங்கை மடங்குவதோடு நின்றால் 4 அல்லது 3. முகஎலும்பு முறிந்திருந்தால் தோள் தசையைக் கிள்ளுங்கள். மொத்தம் 8 அல்லது அதற்கும் குறைவென்றால் மூச்சுக்குழாயில் டியூப் போட்ட பிறகே ஆம்புலன்ஸ்.

ஒருமுறை எடுத்த எண்ணால் பயனில்லை. நன்றாகப் பேசியவர் சில மணி நேரத்தில் மயங்கினால் எக்ஸ்ட்ராடியூரல் கசிவாக (மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையே ரத்தம் தேங்குவது) இருக்கலாம். அரை மணிக்கு ஒருமுறை கண்மணியின் அளவோடு சேர்த்துப் பதியுங்கள். மது வாடை அடித்தால் “போதை தெளியட்டும்” என்று விட்டுவிடுவது பெரிய ஆபத்து. முரண்டு பிடிப்பவருக்கு மயக்க ஊசி போடுமுன், அந்த முரண்டுக்குக் காரணம் ஆக்சிஜன் குறைவா, சர்க்கரைக் குறைவா, நிறைந்த சிறுநீர்ப்பையா என்று பாருங்கள்.

மூளை வீக்கத்தைக் குறைக்கும் மேனிடால் எல்லோருக்கும் அல்ல. ஒரு கண்மணி விரிந்து, நிலைமை மோசமாகும்போதுதான் கிலோவுக்கு 0.25 முதல் 1 கிராம். 20% பாட்டில் 100 மில்லியில் இருப்பது 20 கிராம். பி.பி. குறைந்தவருக்குக் கொடுத்தால் சிறுநீராக வெளியேறி இன்னும் இறங்கும். ஸ்டீராய்டு வேண்டவே வேண்டாம். தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டைச் சோதித்து 2004-இல் வெளியான கிராஷ் ஆய்வில் அது மரணத்தைக் கூட்டியது தெரிந்தது. பழக்கதோஷத்தில் இன்னும் எழுதுகிறார்கள்.

கண்ணைச் சுற்றிக் கருநீலம், காதுக்குப் பின் கன்றல், மூக்கில் தெளிந்த நீர் இருந்தால் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருக்கலாம்; ரைல்ஸ் டியூபை (இரைப்பைக்குப் போகும் குழாய்) வாய்வழியே போடுங்கள். மூக்குவழி போட்டால் உடைந்த எலும்பினூடே மண்டைக்குள்ளேயே போய்விடலாம்.