‘சாங்ஷன் ஆயிருச்சு’ என்றால் உத்தரவு எண்ணைக் கேளுங்கள்

தோட்டங்களுக்கு நடுவே போகும் வண்டித்தடமான இட்டேரிக்குத் தார் போட வேண்டும், பள்ளத்தின் குறுக்கே சிறுபாலம் வேண்டும், பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் வேண்டும் என்று மனு கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் ஊர்கள் காங்கயம், பெருந்துறை, பொங்கலூர், பரமத்தி என்று எந்தப் பக்கம் போனாலும் உண்டு. விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “அது சாங்ஷன் ஆயி மூணு வருஷம் ஆச்சுங்க, வேலைதான் இன்னும் ஆரம்பிக்கலை.” சாங்ஷன் ஆகியே இருக்காது. யாரோ அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

அரசு வேலை எதுவானாலும் காகிதம் இந்த வரிசையில்தான் நகரும். முதலில் அறிவிப்பு. பட்ஜெட்டிலோ, மானியக் கோரிக்கையின்போதோ, சட்டமன்றத்தில் 110-ஆம் விதியின் கீழோ வரும். அதில் உங்கள் ஊர்ப் பெயரே இருந்தாலும் பணம் இன்னும் ஒதுக்கப்படவில்லை. அடுத்து எஸ்டிமேட். ஓவர்சீயர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போவார். அதைப் பார்த்துத்தான் பாதி ஊர் ‘சாங்ஷன்’ என்று நம்பிவிடுகிறது. மூன்றாவது நிர்வாக அனுமதி: எந்தத் திட்டத்தில், எந்த வேலைக்கு, எவ்வளவு ரூபாய் என்று எழுதிப் போடும் உத்தரவு. கிராம வேலைகளுக்குப் பெரும்பாலும் கலெக்டர் போடுவார். பிறகு பொறியாளரின் தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், ஒப்பந்தம், வேலை உத்தரவு. மூன்றாவது காகிதம் பிறக்கும்வரை உங்கள் வேலை வெறும் மனுதான்.

ஆகவே ஒன்றிய அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வி “எப்ப ஆரம்பிப்பீங்க” அல்ல. “நிர்வாக அனுமதி உத்தரவின் ந.க. எண் (கோப்பு எண்) என்ன, தேதி என்ன, எந்தத் திட்டத்து நிதி?” என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வந்தால் வேலை உண்மை. “எஸ்டிமேட் மேல போயிருக்கு” என்று பதில் வந்தால் எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதியில் போனது என்று எழுதி வாங்குங்கள். எஸ்டிமேட் கிடக்கக் கிடக்கக் கெட்டுப்போகும் சரக்கு. விலை விகிதப் பட்டியல் மாறியதும் பழைய தொகைக்கு ஒப்பந்ததாரர் யாரும் வர மாட்டார். திருத்திய மதிப்பீடு என்று மறுபடி முதல் படியில் நிற்பீர்கள். பெரிய வேலைக்கும் இதே கதிதான். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியபோது மதிப்பு ₹1,652 கோடி. 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் கொடுக்கும் அந்தத் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-இல் திறக்கப்பட்டபோது ₹1,916 கோடி ஆகியிருந்தது. அதற்குக் குரல் கொடுக்க மூன்று மாவட்டம் இருந்தது. நாற்பது வீடு உள்ள வலசுக்கு (குக்கிராமத்துக்கு) இந்த அலைச்சலைத் தாங்க முடியாது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி, தொகுதிக்கு வருஷம் ₹3 கோடி. மாநில நிதி ஆணைய மானியமும் மத்திய நிதி ஆணைய மானியமும் ஊராட்சிக்கு நேரே வருபவை. முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டம், நபார்டு கடன், நமக்கு நாமே திட்டம் ஆகியவை மற்ற வழிகள். நெடுஞ்சாலைத் துறைக்குத் தனி நிதி. எல்லாமே மார்ச் 31-ஐப் பார்த்து ஓடுபவை. ஜனவரியில் மனு கொடுத்தால் அந்த வருஷத்து வேலைப் பட்டியல் ஏற்கெனவே முடிந்திருக்கும்.

இனி, நல்ல மனுக்கள் செத்துப்போகிற இடங்கள்.

முதலாவது நிலம். இட்டேரியில் நூறு வருஷமாக வண்டி போகிறது, ஆகவே அது பொதுவழி என்று ஊர் நினைக்கும். அலுவலகம் அ-பதிவேட்டை, அதாவது சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேட்டை, மட்டும்தான் பார்க்கும். அதில் ‘வண்டிப்பாதை’ என்று புறம்போக்காக இருந்தால் பிரச்சினை இல்லை. பல இட்டேரிகள் யாரோ ஒருவர் பட்டாவுக்குள் இருக்கும். கிரயப் பத்திரங்களில் ‘மாமூல் வண்டித்தடப் பாத்தியம்’ என்று மட்டும் எழுதியிருக்கும். அந்தப் பாத்தியம் நீங்கள் போய்வரத்தான் உதவும். அரசுப் பணத்தில் ரோடு போட அது போதாது. மனு எழுதுவதற்கு முன்பே சர்வே எண்ணை வைத்து அரசின் இணையதளத்தில் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்துப் பாருங்கள்.

பட்டா நிலம் என்றால் உரிமையாளர் ஊராட்சியின் பெயருக்குத் தானப்பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதும் என்று சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்; நம்பாதீர்கள். கூட்டுப்பட்டா என்றால் அத்தனை பங்காளியும் கையெழுத்துப் போட வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் பங்கு உண்டென்பதை மறந்து எழுதிய பத்திரங்கள் பின்னால் வழக்கில் நிற்கின்றன. வில்லங்கச் சான்று போட்டு, பேங்க் அடமானம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பதிவு முடிந்ததும் உட்பிரிவு செய்து பட்டாவை மாற்றாமல் விட்டால், பத்து வருஷம் கழித்து நிலத்தை வாங்கும் புது ஆள் கம்பிவேலி போடுவார்.

பதிவேட்டில் ‘ஓடை’ அல்லது ‘வாய்க்கால்’ என்றிருந்தால் வேறு விஷயம். பள்ளத்துக்குள்ளேயே தடம் போகும் ஊர்கள் நம் பக்கம் நிறைய. நீர்நிலைப் புறம்போக்கில் ரோடு கேட்டு அலைவது வீண் அலைச்சல். ஓரத்துப் பட்டாக்காரரிடம் நிலம் கேட்பதுதான் நடக்கக்கூடிய வழி.

இரண்டாவது, ரோடு யாருடையது என்பது. ஊராட்சிச் சாலையும் ஒன்றியச் சாலையும் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தின் கீழ். இதர மாவட்டச் சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாநில நெடுஞ்சாலை மூன்றும் நெடுஞ்சாலைத் துறை. தப்பான இடத்தில் கொடுத்த மனுவை உடனே திருப்பிக் கொடுத்தாலும் பரவாயில்லை. ‘உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று ஒரு கடிதம் வரும், அங்கிருந்து ‘இது எங்கள் சாலை அல்ல’ என்று இன்னொன்று வரும். அதற்குள் மார்ச் முடிந்துவிடும். ஒன்றிய அலுவலகத்தின் சாலைப் பதிவேட்டில் உங்கள் ரோட்டின் பெயரும் நீளமும் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வாய்க்கால் குறுக்கிட்டால் மூன்றாவதாக ஓர் அலுவலகமும் சேரும். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) வாய்க்கால் ஆனாலும் கீழ்பவானி ஆனாலும் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமல் பாலம் கட்ட முடியாது. கீழ்பவானியில் வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் திறப்பார்கள். திறந்துவிட்டால் அஸ்திவாரம் தோண்ட வழியில்லை. சான்று சித்திரைக்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். ஆடியில் சான்று வாங்கினால் ஒரு வருஷம் போச்சு.

கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் மனு கொடுப்பதும் வீண். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் ஏதாவது ஒன்றில் தீர்மானம் போட வையுங்கள். ‘சாலை வசதி செய்து தர வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அதற்கு எஸ்டிமேட் போட முடியாது. எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர், சர்வே எண் என்ன என்று தீர்மானத்திலேயே வர வேண்டும். அதன் நகலைக் கையோடு வாங்குங்கள். நம் மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. தலைவர் இல்லாத காலத்தில் பொறுப்பு தனி அலுவலருடையது. “தலைவர் வரட்டும்” என்பதை ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

நமக்கு நாமே திட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஊர்க்காரர்களின் சொந்தப் பணம் போகிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ₹9 லட்சம் வேலைக்கு உங்கள் பங்கு ₹3 லட்சம். பாதி அல்லது அதற்கு மேல் கட்டினால் வேலையை நீங்களே எடுத்துச் செய்யவும் கேட்கலாம். விசைத்தறிக்காரர்களும் பனியன் கம்பெனிக்காரர்களும் மனமுவந்து கொடுப்பதால் இத்திட்டம் இந்தப் பக்கம் எளிதாகக் கைகூடும். ஆனால் எஸ்டிமேட் வராமல் வசூலை ஆரம்பிக்காதீர்கள். மேஸ்திரி சொல்லும் தொகையை வைத்து வசூலித்த பிறகு, ஜி.எஸ்.டி. சேர்ந்த அரசு எஸ்டிமேட் வந்து உங்கள் பங்கு கூடிவிடும். ஒப்பந்ததாரர் கையில் ரொக்கமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அலுவலகம் எழுத்தில் சொல்லும் பெயருக்கு டி.டி. எடுத்து ரசீது வாங்குங்கள். அனுமதிக்கு முன்னால் அவசரப்பட்டு வேலையைத் தொடங்கினால் அந்தச் செலவுக்கு அரசுப் பங்கு கிடைக்காது.

வேலை ஆரம்பித்த பிறகு எஸ்டிமேட்டின் அளவு உங்கள் கையில் இருக்க வேண்டும். நூறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 15 செ.மீ. கனத்தில் கான்கிரீட் ரோடு என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட். 10 செ.மீ. மட்டும் போட்டால் 30. மேலே நின்று பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. மூன்றில் ஒரு பங்கு கான்கிரீட் போயிருக்கும். பலகை பிரித்த அன்றே, ஓரத்துக்குக் கிராவல் கொட்டுவதற்கு முன்னால் ஸ்கேலை வைத்து அளந்து, அதே இடத்தில் போட்டோ எடுங்கள். இரண்டு மூன்று இடத்தில் எடுப்பது நல்லது. தண்ணீர் கட்டாமல் விட்ட கான்கிரீட் முதல் கோடையிலேயே மாவாக உதிரும். பாத்தி கட்டி இரண்டு வாரம் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.

எஸ்டிமேட் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் ₹10 கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். எஸ்டிமேட், ஒப்பந்தம், எம்-புக் என்கிற அளவுப் புத்தகம் மூன்றின் நகலையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். அச்சட்டத்தின் 2(ஜே) பிரிவு வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. அந்தப் பிரிவின் எண்ணை மனுவிலேயே எழுதிவிடுங்கள். எம்-புக்கில் 15 செ.மீ. என்று எழுதி உங்கள் போட்டோவில் 10 இருந்தால், கடைசி பில் பாஸாவதற்கு முன்னால், இரண்டையும் சேர்த்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுத்து மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பில் போன பிறகு அதே மனுவுக்கு ‘பணி முடிக்கப்பட்டது’ என்றுதான் பதில் வரும்.