‘செம் டெர்மோ’ ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

‘செம் டெர்மோ’ எனப்படும் நிரந்தர ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டே, அது போதாதென்று முதலாளியிடம் வேறொன்று கேட்டு ஆறு மாத ஒப்பந்தத்தை வாங்கி வந்த இளைஞர் ஒருவரைச் சென்ற வாரமும் சந்தித்தேன். போர்ச்சுகலின் லிஸ்பனில் நம்மவர்களுக்கு வேலை ஒப்பந்தங்களைப் படித்து விளக்கும் எனக்கு, இதே தவறு மீண்டும் மீண்டும் வருவது பெரும் வேதனை தருகிறது.

ஆங்கிலம் பழகிய கண்ணால் போர்த்துகீசியத்தைப் படிப்பதே இதற்குக் காரணம். ‘செம் டெர்மோ’ என்பதை நிபந்தனைகள் எழுதப்படாத ஒப்பந்தம் என்றும், ‘டெர்மோ செர்ட்டோ’ என்பதை உறுதியான வேலை என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மை நேர் எதிரானது. இங்கே ‘டெர்மோ’ என்பது முடிவுநாள். முடிவுநாள் இல்லாததே ‘செம் டெர்மோ’. பேச்சு வழக்கில் ‘எஃபெட்டிவோ’ என்று சொல்வதும் அந்த நிரந்தர வேலையைத்தான். ‘டெர்மோ செர்ட்டோ’வில் முடியும் நாள் முன்னரே குறிக்கப்பட்டிருக்கும், புதுப்பித்தல்களையும் சேர்த்து அது 2 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. ‘டெர்மோ இன்செர்ட்டோ’வில் தேதி இருக்காது, ஆனாலும் அது நிரந்தரமன்று. விடுப்பில் சென்றவர் திரும்பினாலோ குறிப்பிட்ட பணி முடிந்தாலோ வேலையும் முடிந்துவிடும். அதன் உச்சவரம்பு 4 ஆண்டுகள்.

தற்காலிகமாக அமர்த்துவதற்கான காரணத்தை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியாக வேண்டும். அது இல்லையென்றால், 2009ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பின்படி அந்த ஒப்பந்தம் நிரந்தரமானதாகவே கொள்ளப்படும். என்னிடம் வரும் தாள்களில் நான் முதலில் தேடுவது இந்தப் பத்தியைத்தான். பல தாள்களில் ‘வேலை அதிகரித்ததால்’ என்ற ஒற்றை வரியோடு அதை முடித்திருக்கிறார்கள்.

நிரந்தர ஒப்பந்தத்திலும் தகுதிகாண் காலம் உண்டு. பொதுவாக 90 நாட்கள். முதல் வேலையில் சேர்வோருக்கு 180 நாட்கள் வரை நீளலாம். அதற்குள் காரணம் கூறாமலேயே நிறுத்த முடியும் என்பதால், வீட்டுக் கடனுக்கு அவசரப்படாதீர்கள்.

தயவுசெய்து, ‘டெனூன்சியா’ என்று தலைப்பிட்ட தாளைப் புகார் மனு என்று எண்ணிக் கையெழுத்திடாதீர்கள். நீங்களே வேலையை விட்டு விலகுவதாக அறிவிக்கும் கடிதம் அது. அதன்பின் வேலையிழப்பு உதவித்தொகையும் கிடைக்காது. நிரந்தர வேலையிலிருந்து நீங்களாக விலக விரும்பினால், 2 ஆண்டுகள் வரை பணியாற்றியவர் 30 நாட்களும், அதற்கு மேற்பட்டவர் 60 நாட்களும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். தவறினால் முன்னறிவிப்பில் குறைந்துபோன நாட்களுக்கான அடிப்படைச் சம்பளத்தை முதலாளிக்குச் செலுத்த நேரிடும். அறியாமல் கையெழுத்திட்டிருந்தால், அந்தக் கையெழுத்து நோட்டரி முன் சான்றளிக்கப்படாத நிலையில், கடிதம் முதலாளியை அடைந்த 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். எட்டாம் நாள் என்னிடம் வருவதால் பயனில்லை. முதல் நாளே வாருங்கள்.