ஓ.பி.ஜி. – முழுத்தாடை ஊடுகதிர்ப்படம்

தாடையில் பலமாக அடிபட்டு வந்தவருக்குப் பல் மருத்துவர் முதலில் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் ஓ.பி.ஜி. அறையை விட்டு வெளியே வந்ததும் அது ‘பல் எக்ஸ்ரே’ ஆகிவிடும். “அடி தாடையிலதானே, பல்லுக்கு எதுக்கு எக்ஸ்ரே?” என்று வீட்டார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குறை பெயரில்தான் இருக்கிறது.

ஓ.பி.ஜி. என்பது ஆர்த்தோபான்டோமோகிராம் என்பதன் சுருக்கம். உள்ளே நான்கு கிரேக்கச் சொற்கள்: ஆர்த்தோஸ் (நேரான), பான் (எல்லாம்), டோமோஸ் (வெட்டு), கிரம்மா (வரையப்பட்டது). ‘ஆர்த்தோ’ என்றதும் எலும்பு மருத்துவம்தான் நினைவுக்கு வரும். அந்தத் துறையின் பெயரிலும் இதன் பொருள் ‘நேர்’ என்பதே. எலும்பு என்ற பொருள் அதில் கிடையாது. இங்கே, கதிர் தாடையின் வளைவுக்கு ஏறக்குறையச் செங்குத்தாக விழுவதை அது குறிக்கிறது. அப்படி விழுந்தால்தான் பக்கத்துப் பற்களின் நிழல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

பின்லாந்துப் பல் மருத்துவர் யூர்யோ பாட்டெரோ 1940களின் இறுதியிலிருந்து வளர்த்தெடுத்த முறை இது. அடிபட்டவர் மோவாயைத் தாங்கியில் வைத்து அசையாமல் நிற்க, கதிர்க்குழாய் ஒருபுறமும் படம்பிடிக்கும் பகுதி எதிர்ப்புறமுமாகத் தலையைச் சுற்றி வரும். சுமார் 15 விநாடியில் முடிந்துவிடும். லாடம்போல வளைந்த தாடை, சுருட்டிய பாயை விரித்ததுபோல ஒரே தளத்தில் கிடக்கும். அந்த வளைவில் அமைந்த ஓர் அடுக்கு மட்டும் தெளிவாகி, அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை மங்கிப்போகும். ‘வெட்டு’ என்பது இதுதான்.

முறிவைத் தேடுபவருக்கு நான்கில் உயிரான சொல் ‘பான்’. கீழ்த்தாடை இரு முனையிலும் மண்டையோட்டோடு பொருந்தி ஒரு வளையம்போல நிற்கிறது. ஓரிடத்தில் அடி விழுந்தால் இன்னோரிடமும் சேர்ந்து முறியலாம். மோவாய் தரையில் மோதியவருக்கு, காதுக்கு முன்னாலுள்ள தாடை மூட்டின் கழுத்து, அதாவது மூட்டுக்குச் சற்றுக் கீழே தாடை எலும்பு ஒடுங்கும் இடம், முறிந்திருக்கலாம். ஒரு பக்கம் குத்து வாங்கியவருக்கு மறுபக்கமும் முறிந்திருக்கலாம். அதனால் ஒரு முறிவு கண்ணில் பட்டதும் இரண்டாவதைத் தேட வேண்டும். வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னப் படத்தில் மூன்று நான்கு பற்கள்தான் தெரியும். ஓ.பி.ஜி.யில் ஒரு மூட்டிலிருந்து மறு மூட்டுவரை தெரியும்.

முறிவு கருங்கோடாகத் தெரியும்; தாடையின் கீழ்விளிம்போ பல்வரிசையோ படிபோல ஏறி இறங்கியிருக்கும். ஆனால் இந்தப் படமும் ஏமாற்றும். முன்பகுதியில் கழுத்து முள்ளெலும்பின் நிழல் விழுந்து மங்கும். தொண்டைக் காற்றின் நிழல் முறிவுக்கோடுபோலக் காட்சி தரும். விலகாத விரிசல் கண்ணுக்குத் தப்பிவிடும். பல்லோடு பல் பழையபடி சேரவில்லை, கீழுதடு மரத்திருக்கிறது என்றால், படம் சுத்தமாக இருந்தாலும் வேறு கோணத்தில் இன்னொரு படமோ சி.டி. ஸ்கேனோ எடுத்தே தீர வேண்டும்.

தமிழுக்கு வருவோம். கண்ணாடி உடையும், சுவர் விரிசல் விடும், கிளை முறியும். எலும்புக்கு நாம் கிளையின் சொல்லையே கொடுத்திருக்கிறோம், பொருத்தமானது. ஆனால் “முறிவு இல்லை, லேசான கிராக்தான்” என்று பலர் ஆறுதல் கொள்கிறார்கள். மருத்துவத்தில் விரிசலும் முறிவே.

எக்ஸ் என்ற எழுத்து, 1895இல் ஜெர்மன் இயற்பியலாளர் ரான்ட்ஜென் தான் கண்ட கதிரின் இயல்பு தெரியாததால் வைத்தது. ‘ஊடுகதிர்’ அது செய்யும் வேலையையே சொல்கிறது. எனக்கு அதுவே பிடிக்கும். கிரேக்கத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘நேர்முழுவெட்டு வரைவு’ என்றால் யாருக்கும் விளங்காது. தாடை என்ற சொல் மூலத்திலேயே இல்லை. ஆகவே ‘பான்’ தரும் முழுமையை மட்டும் எடுத்துக்கொண்டு, விடுபட்ட தாடையைச் சேர்த்து, முழுத்தாடை ஊடுகதிர்ப்படம் என்கிறேன். படம் எடுக்கும் இடத்தில் ஓ.பி.ஜி. என்றால்தான் தெரியும் என்பதால், சீட்டில் இரண்டையும் சேர்த்தே எழுதலாம்.