சொம்பு ஏன் எழவில்லை? ஒன்றரை வயது எப்படிக் கற்கிறது

போன மாதம் தஞ்சாவூர் போய்வந்த என் சித்தப்பா பாப்பாவுக்கு ஒரு தலையாட்டி பொம்மை வாங்கி வந்தார். தலையும் இடுப்பும் தனித்தனியாக ஆடும் நாட்டியக்காரி இல்லை, அடி உருண்டையாக இருக்கும் ராஜா பொம்மை. பாப்பா தட்டினாள், சாய்ந்தது, தானே நிமிர்ந்தது. நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அப்புறம் ஆரம்பித்தாள் பாருங்கள்: மெதுவாகத் தள்ளினாள், ஓங்கித் தள்ளினாள், படுக்க வைத்து அழுத்திப் பிடித்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்தாள், தலைகீழாக நிறுத்தப் பார்த்தாள். அரை மணிநேரம், கூப்பிட்டாலும் திரும்பவில்லை.

அந்தப் பொம்மைக்கு அடிப்பகுதியில்தான் கனம், மேல்பகுதி லேசான கூடு. சாய்க்கும்போது அதன் எடை மையம் கொஞ்சம் மேலே ஏறுகிறது, விட்டதும் தாழ்ந்த இடத்துக்கே இறங்கப் பார்க்கிறது, அதனால் நிமிர்கிறது. ஒன்றரை வயதுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் விழுந்தது விழுந்தபடி கிடக்கும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். சொம்பு, செருப்பு, தாத்தாவின் கண்ணாடிக்கூடு என்று எத்தனையைத் தள்ளிவிட்டுப் பார்த்திருக்கிறாள்! அத்தனையும் கிடந்தன, இது மட்டும் எழுகிறது.

குழந்தையின் கற்றலுக்கு இதைவிடப் பெரிய தூண்டுகோல் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு. ஏமி ஸ்டால், லிசா ஃபைகென்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015இல் இதைப் பற்றி ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 11 மாதக் குழந்தைகளில் சிலருக்குப் பந்து ஒன்று சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டதுபோல் காட்டினார்கள், வேறு சிலருக்குப் பொம்மைக் கார் ஒன்று விளிம்பைத் தாண்டியும் விழாமல் அந்தரத்தில் நிற்பதுபோல் காட்டினார்கள். பிறகு அந்தப் பொருளையே கையில் கொடுத்தால், பந்தைப் பார்த்த குழந்தைகள் அதைத் தரையில் தட்டிப் பார்க்கின்றன, காரைப் பார்த்த குழந்தைகள் அதைக் கீழே போட்டுப் பார்க்கின்றன. கெட்டியா என்று ஒரு சோதனை, விழுமா என்று ஒரு சோதனை. பேச்சு வராத வயதில், தன் சந்தேகத்துக்குத் தகுந்த சோதனையை அந்தக் குழந்தையே தேர்ந்தெடுக்கிறது. இதைப் படித்த பிறகு பாப்பா எதையாவது கீழே போடும்போது எனக்குக் கோபமே வருவதில்லை.

சரி, ஒரு தடவை பார்த்தால் போதாதா, ஏன் அதையே நூறு தடவை? எங்கள் வீட்டில் பழைய பித்தளைப் படியும் உழக்கும் இருக்கின்றன. உழக்கு என்றால் கால் படி. முற்றத்தில் உட்கார்ந்து உழக்கால் தண்ணீர் மொண்டு படியில் ஊற்றுவதும், படியிலிருந்து உழக்குக்குத் திருப்புவதும்தான் இப்போது பாப்பாவின் காலை வேலை. எண்ணத் தெரியாது. ஆனால் சின்னதிலிருந்து பெரியதில் ஊற்றினால் இடம் மிச்சமிருக்கும், பெரியதிலிருந்து சின்னதில் ஊற்றினால் வழியும் என்பது கைக்குப் பிடிபட்டு வருகிறது. போன வாரம் வரை கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தவள், இப்போது வழியத் தொடங்கியதும் கையை நிமிர்த்துகிறாள். அகலப் பாத்திரத்துத் தண்ணீரை ஒடுங்கிய உயரமான பாத்திரத்துக்கு மாற்றினால் ஏழு வயதுக்குள் இருக்கும் பல பிள்ளைகள் தண்ணீர் கூடிவிட்டது என்றுதான் சொல்வார்கள், இதை ஜீன் பியாஜே காட்டினார். அளவு என்ற ஒரே விஷயம் முழுதாகப் பிடிபட இத்தனை வருடம் ஆகிறதென்றால் நூறு தடவை ஊற்றுவது அதிகமே இல்லை.

நடையும் அப்படித்தான். நடை பழகும் 12 முதல் 19 மாதக் குழந்தைகளை கேரன் அடால்ஃப் குழுவினர் கவனித்து 2012இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: சராசரியாக மணிக்கு 2,368 அடி எடுத்துவைக்கிறார்கள், 17 தடவை விழுகிறார்கள். நடைவண்டியோடு தெருவில் போகும் பிள்ளையை அடுத்த முறை இந்தக் கண்ணோடு பாருங்கள். உள்ளே மூளை, நரம்பிணைப்புகளைத் தேவைக்கு மேலேயே போட்டு வைத்திருக்கிறது, புழங்குபவை உறுதிப்படும், புழங்காதவை கழிந்துபோகும். தண்ணீர் ஓடுகிற கன்னி வாய்க்கால் திறந்திருக்கும், ஓடாதது தூர்ந்துவிடும், அதே கதைதான்.

இனி நான் செய்த தவறு. மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, குடமுருட்டியிலிருந்து பிரியும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அன்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினேன். காய்ந்து கிடந்த மண்ணில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் ஊர்ந்து வருகிறது, "அதோ பாரு தண்ணி, தண்ணி" என்று அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறேன். அவள் பார்த்தது வேறு இடம். கரையில் ஒரு நண்டு வளை, வாசலில் ஈரமண் உருண்டைகள், உள்ளே பாதி தெரியும் ஒரு கொடுக்கு. கூட வந்த என் மாமியார், பாப்பாவுக்கு அப்பாயி, சொன்னார்: "ஏம்மா, அவ பாட்டுக்குப் பாக்கட்டும், நீ ஏன் குறுக்க போற?" பக்கத்தில் குந்தி, "நண்டு" என்று மட்டும் சொன்னார். கொடுக்கு உள்ளே இழுத்துக்கொண்டபோது, "நண்டு உள்ள போயிடுச்சு" என்றார். மறுநாள் காலை அந்தப் பக்கம் கை நீட்டி பாப்பா சொன்னது: "நண்ணு".

அப்பாயி செய்ததற்கு ஆய்வு இருக்கிறது. குழந்தை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளின் பெயரைச் சொன்னால் அந்தச் சொல் நன்றாகப் பதிகிறது, கவனத்தை வேறு பக்கம் திருப்பிச் சொன்னால் அந்த அளவுக்குப் பதிவதில்லை என்று மைக்கேல் டோமசெல்லோவும் மைக்கேல் ஃபராரும் 1986இல் காட்டினார்கள். காரணம் எளிது. கவனத்தைத் திருப்பினால் என்ன பார்க்கச் சொல்கிறார்கள் என்று தேடுவதிலேயே பிள்ளையின் பலம் போய்விடும். அது பார்ப்பதன் பெயரைச் சொன்னால் முழுக் கவனமும் சொல்லுக்குக் கிடைக்கும்.

சொல்லித் தருவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முந்திக்கொண்டு சொன்னால் ஒன்று குறைகிறது. பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் பல வித்தைகள் ஒளிந்த ஒரு பொம்மையைக் கொடுத்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று ஒன்றைக் காட்டிக் கொடுத்தால் அதையே செய்துகொண்டிருந்தார்கள், தற்செயலாகப் பட்டதுபோல் விட்டால் மற்றவற்றையும் தேடிக் கண்டுபிடித்தார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, உழக்கை எப்படிப் பிடிப்பது என்று நான் காட்டித் தருவதை நிறுத்திவிட்டேன்.

போக்கில் விடுவதென்றால் தனியே விடுவதில்லை, இதை அழுத்திச் சொல்லவேண்டும். அண்டாவில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலே ஆபத்து, வாய்க்கால் ஓடுகிற மாதங்களில் கொல்லைக் கதவு எப்போதும் தாழ்போட்டிருக்க வேண்டும், வேர்க்கடலையும் புளியங்கொட்டையும் தொண்டையில் அடைக்கும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆகவேண்டும், கையில் போன் இல்லாமல்.

பொம்மை வந்து இரண்டு நாள் கழித்துச் சொம்பைத் தள்ளிவிட்டாள். உருண்டு போய்க் கிடந்தது. முன்பெல்லாம் ஓடிப்போய் எடுப்பாள், அன்று எடுக்கவில்லை. குனிந்து அதையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள், அது எழவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். இன்று காலை திண்ணையில் வைத்திருந்த பூசணிக்காயின் முறை. தள்ளினாள், அது விழவுமில்லை, உருளவுமில்லை, இரண்டு தடவை இப்படியும் அப்படியும் அசைந்து நின்றது. "ஆடுது" என்றேன். "ஆது" என்று சொல்லிவிட்டு மறுபடி தள்ளினாள்.