படப் புத்தகம்தானே என்று வாங்கும் முன்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். புதிய காமிக்ஸ் வந்தால் முழுக்கப் படித்து, உள்ளட்டையில் நாலு வரி மதிப்புரை எழுதி ஒட்டிய பிறகுதான் அலமாரியில் வைப்பேன். "படப் புக்குதானே சாரே, இதுக்குமா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு.

இதற்கும்தான். சினிமாவுக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறது, காமிக்ஸுக்கு இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. அமெரிக்கப் பதிப்பாளர்கள் 1954-இல் தாங்களே விதி வகுத்து அட்டையில் முத்திரை குத்தினார்கள். 2011-இல் அதுவும் முடிந்தது.

பெற்றோர் பயப்படுவது பேய்க்கதைக்கு. நான் தயங்குவது 'கிராபிக் நாவல்', அதாவது படங்களாலேயே சொல்லும் நாவல் என்று கெட்டி அட்டையில் வரும் அழகான புத்தகங்களுக்கு. போர், தற்கொலை, குடும்பச் சிதைவு எல்லாம் அதில் வரலாம். பிறந்தநாள் பரிசாகப் பலர் தேர்ந்தெடுப்பதும் அதைத்தான்!

கௌபாய் கதைகளில் செவ்விந்தியர்களை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். 1948-இல் இத்தாலியக் காமிக்ஸில் பிறந்த கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர், நவஹோ என்ற செவ்விந்திய இனத்தின் தலைவராகவும் வருபவர். அது அவருக்குப் பெருமை. ஆனால் துப்பாக்கி ஓயாது, அதனால் எட்டாம் வகுப்புக்கு மேல் என்று எழுதிவிடுவேன். லக்கி லூக் என்ற இன்னொரு கௌபாயின் கதை சிரிப்புக் கதை, சின்னவர்களுக்கும் சரி. பழைய கதைகளில் அவர் வாயில் சிகரெட் இருக்கும்; 1983-இல் ஓவியர் மோரிஸ் அதைப் புல் துரும்பாக மாற்றினார். அதை மறைக்காமல் பிள்ளைகளிடமே சொல்லலாம். துப்பறியும் கதைக்குக் குற்றவாளி யாரென்று எழுதாமல் இருந்தாலே பாதி மதிப்புரை தேறிவிடும்.

பலரும் கவனிக்காதது பேச்சு பலூன், அதாவது படத்துக்குள் வசனம் எழுதும் வட்டம். வேற்றுமொழிக்காக வரைந்த பலூனுக்குள் தமிழ் வசனத்தை அடைக்கும்போது எழுத்து பொடிப்பொடியாகிவிடும். கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகளில் சிலர் மலையாளத்தில் பாலரமா என்ற சிறுவர் இதழைப் படித்துப் பழகியவர்கள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். அவர்களுக்கு வசனம் குறைந்த, படமே கதை சொல்லும் இதழ்தான் தோது. கடையில் நடுப்பக்கம் ஒன்றைப் பிரித்துப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அப்புறம், அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. 1972-இல் முத்து காமிக்ஸ் என்ற தமிழ்க் காமிக்ஸ் வரிசையின் முதல் கதையாக வந்த, சின்ன வயதில் நீங்கள் ரசித்த இரும்புக்கை மாயாவியின் மறுபதிப்பைத் தாராளமாக வாங்குங்கள். மகனோ மகளோ நாலு பக்கத்தில் மூடி வைத்தால், அதை நீங்கள் படித்துக்கொள்ளுங்கள்.