ஸ்டீபன்: கிரீடமும் இல்லை, மகுடமும் இல்லை

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் ஸ்டீபனுக்கு எதிரே 'கிரீடம் அணிந்தவன்' என்று போடுகிறார்கள். 'தூய தமிழில்' தருகிறேன் என்பவர் 'மகுடன்' என்கிறார். கிரீடம், மகுடம் இரண்டும் வடசொல் என்பது கிடக்கட்டும், பொருளே வேறு.

மூலம் கிரேக்க 'ஸ்டெபனோஸ்'. சூழ்தல், சுற்றிக் கட்டுதல் என்னும் வினையிலிருந்து வந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்சிலேயே ஆண்பெயராக வழங்கியது.

பொருள், தலையைச் சுற்றிக் கட்டும் தழை வளையம். பண்டைய கிரேக்க விளையாட்டுப் போட்டிகளில், ஒலிம்பியாவில் வென்றவனுக்குக் காட்டு ஒலிவம், டெல்பியில் லாரல் இலை, நெமியாவில் காட்டுச் செலரிக் கீரை. அரசனுக்குரியது 'டயடேமா', அதுவும் உண்மையில் நெற்றியில் கட்டும் துணிப்பட்டைதான். பொன்னில் செய்த ஸ்டெபனோசும் உண்டே என்பார்கள். உண்டு. மக்கெதோனிய அரசக் கல்லறையொன்றில், வெர்கினாவில், 1977இல் கிடைத்தது பொன்தான். வடிவமோ ஓக் இலையும் காயும்!

கிரீடம் என்று பெயர்த்தால் என்ன கெடும்? பைபிளில், கிரேக்க நகரமான கொரிந்தின் கிறித்தவர்களுக்குப் பவுல் எழுதியதைப் பாருங்கள். பந்தயத்திற்குப் போராடுகிறவர்கள் 'அழிவுள்ள கிரீடத்தை'ப் பெற இச்சையடக்கமாய் இருக்கிறார்கள் என்கிறது பழைய தமிழ் மொழிபெயர்ப்பு. கிரீடம் எங்கே அழிகிறது? மூலத்தில் இருப்பது சில நாளில் வாடும் தழை. கொரிந்துக்குப் பக்கத்திலேயே இஸ்த்மியப் போட்டி நடந்ததால் கேட்டவர்களுக்கு உடனே விளங்கியிருக்கும். தமிழில் உவமையே செத்துவிட்டது.

'மாலை'யும் ஒவ்வாது, அது கழுத்துக்கு. தலைக்குச் சூடுவது கண்ணி, மார்புக்குத் தார். 'கண்ணி கார்நறுங் கொன்றை' என்று தொடங்கி, மார்பின் தாரும் கொன்றை எனப் பிரித்தே சொல்கிறது புறநானூற்றின் முதல் பாட்டு. ஆக, பொருளுக்குக் கண்ணியே சரி. ஆளுக்குக் 'கண்ணியன்' என்றால் கண்ணியமானவன் என்று படிப்பார்கள், 'வாகைசூடி' எனலாம். வாகை வேறு மரம்தான், ஆனால் வெற்றிக்குறியாக நிலைத்த சொல்.

புனித ஸ்டீபனுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பழைய பெயரான 'முடியப்பர்' இவற்றையெல்லாம்விட மேல். முடி அரசனுடையதும் ஆகும். பூ முடித்தல் என்ற வழக்கும் அதில் ஒலிக்கிறது. இயேசுவின் முள்முடியும் மூலத்தில் ஸ்டெபனோஸ்தான். அதைப் படைவீரர்கள் 'பின்னி' வைத்தார்கள் என்றுதான் இருக்கிறது. இப்போது அதையும் 'முள் கிரீடம்' ஆக்குகிறார்கள். கிரீடத்தை எந்தத் தட்டான் பின்னினான்?